சுவருக்கு இரண்டு நாடி

காசுமாலை காணவில்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் மணப்பெண்ணின் தாய் ஹேமலதா. மேஜை இழுப்பறையை அப்படியே பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு நடைக்கு ஓடி வந்தாள். உள்ளே இரண்டு ஊசி டப்பாவும் ஒரு சீப்பும் மட்டும் குலுங்கின.

புதுச்சேரி கதிர்காமத்தில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பு முடிகிற நேரம். மெல்லிசைக் குழு குத்துப்பாட்டில் இருந்ததால் ஹேமலதா போட்ட சத்தம் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டபோது சொந்தக்காரர்கள் மொத்தமும் மேடைக்குப் பின்னாலிருந்த நடையில் வந்து குவிந்துவிட்டார்கள்.

மாலையில் நடந்த நிச்சயதார்த்தத்துக்கு மணப்பெண் சரிதா போட்டிருந்த மாலை அது. வரவேற்பு உடைக்கு அது பொருந்தாது என்று கழற்றி, மணப்பெண் அறையில் மேஜை இழுப்பறையில் வைத்தார்கள். பிறகு பெண் மேடைக்குப் போய்விட்டாள். அறைக்கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. நடுவில் அந்த அறைக்குள் போய் வந்தவள் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்த ஜஹபர் நிஷா ஒருத்திதான் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். நிஷாவின் அலங்காரப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்கள். அத்தனை பேர் பார்க்க அவளுடைய பர்தாவை உதறிக் காட்டச் சொன்னாள் ஹேமலதா. நிஷா உதறினாள். ஒன்றும் விழவில்லை. கூட்டாளியிடம் கொடுத்தனுப்பியிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். இந்தக் 'கூட்டாளி' எந்த ஊரிலும் எவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுகிறான் பாருங்கள்.

பெண்ணின் அப்பா சக்கரபாணி பாகூர்ப் பக்கத்து விவசாயி, டவுனில் உரக்கடையும் வைத்திருப்பவர். "விடிஞ்சா முகூர்த்தம். தாலி ஏறுற வரைக்கும் போலீஸ் பேச்சே வேணாம்" என்று சொல்லிவிட்டார். நடைக்கோடியில் ஒரு கேமரா இருந்தது. அதன் பதிவுப்பெட்டியை எப்படித் திறப்பதென்று மண்டபத்து மேனேஜர் பக்கிரிக்குத் தெரியாது. உதவிக்கு வந்தவர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த வெற்றிவேல். சக்கரபாணி வீட்டுக் காதுகுத்திலிருந்து புதுமனை வரைக்கும் படம் பிடித்தவர், வீட்டுப் பிள்ளை மாதிரி.

"இந்த ஃபைல் ஃபோன்ல ஓடாதுங்க. நான் எடுத்துட்டுப் போய் மாத்தி, காலைல பென் டிரைவ்ல தர்றேன்" என்றார்.

சொன்னபடி தந்தார். நாதஸ்வரத்துக்கு நடுவே சக்கரபாணி இரண்டு மணி நேரப் படத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தார். அறைக்குள் போனது நிஷா மட்டும்தான். அவள் போகிற துண்டை மட்டும் வெட்டி சொந்தக்காரப் பையன் ஒருவன் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். மத்தியானத்துக்குள் அது புதுச்சேரி முழுக்கச் சுற்றிவிட்டது.

*

திங்கட்கிழமை, காலை பத்து மணி. ஸ்டேஷன் வாசலில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் ஆட்டோவை விரட்டிக்கொண்டிருந்தார். உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் அருள்முருகன் வழக்கைப் பாதி எழுதிவிட்டார்.

"ஓபன் அண்ட் ஷட் மேடம். சாயங்காலம் ரிமாண்ட் பண்ணிடலாம்."

இன்ஸ்பெக்டர் அமிர்தவல்லி அந்தத் தாளை ஒதுக்கி வைத்தார். ஐம்பதை எட்டும் வயது, முன்கோபம், யாரையும் பாதியில் வெட்டிப் பேசும் பழக்கம். ஆனால் வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அந்த மாதிரிப் பொறுமையை வேறு யாரிடமும் பார்க்க முடியாது. சைபர் பிரிவில் சில வருஷம் இருந்தவர். அங்கே மற்றவர்கள் ஹேக்கர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு படம் எப்படிச் சுருங்கிக் கோப்புக்குள் போகிறது என்று இந்த அம்மாள் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மண்டபத்துல மூலப் பதிவு இருக்குதா?"

"இல்ல மேடம். சின்ன டிஸ்க்கு. ரெண்டு நாள்தான் தாங்கும், அப்புறம் பழசு மேலயே எழுதிடும். இவங்க கல்யாணம் முடிச்சு, பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்து, சாவகாசமா நேத்துதான் புகார் குடுத்தாங்க."

"அப்ப நம்ம கையில இருக்கறது வெற்றிவேல் குடுத்த காப்பி மட்டும்தான்."

"கேமரா பொய் சொல்லாதுங்களே மேடம்."

"கேமரா சொல்லாதுய்யா. அந்தப் பொண்ணை வரச்சொல்லு."

நிஷா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முல்லா வீதிக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும்.

"எத்தினி தடவை உள்ள போனீங்க?"

"ரெண்டு தடவை மேடம். ஒண்ணு ஊசி எடுக்க. இன்னொண்ணு பூ எடுக்க."

"ட்ராயரைத் திறந்தீங்களா?"

"முதல் தடவை திறந்தேன். ஊசி டப்பா அதுலதான் இருந்துச்சு."

அருள்முருகன் பேனாவைத் தூக்கினார். அமிர்தவல்லி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அப்ப மாலை?"

"இருந்துச்சு மேடம்."

"பார்க்கலன்னு சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு அதுதானே நல்லது."

"பார்த்தேனே மேடம். பார்த்ததை எப்படிப் பார்க்கலன்னு சொல்றது?"

அருள்முருகன் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நிஷாவே சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கெழமை ஒரு நிக்காஹ் புக் ஆகியிருந்துச்சு. நேத்து ஃபோன் பண்ணி, வேற ஆளு பார்த்துக்கறோம்னுட்டாங்க. எங்க ஆளுங்கதான் அவங்களும். பொண்ணு ரூமுக்குள்ள விட்டாத்தான் மேடம் எனக்குத் தொழில். வாசல்லயே நிறுத்திட்டாங்கன்னா நான் என்னா பண்றது? நீங்க என்னை விட்டாக்கூட அவங்க விடமாட்டாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அருள்முருகனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

*

ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. போன மழையில் கெட்டதை யாரும் மாற்றவில்லை. அமிர்தவல்லி ஒரு கான்ஸ்டபிளிடம் இயர்போன் கேட்டு வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு, முதலில் படத்தை மட்டும் பார்த்தார். தள்ளித் தள்ளி இல்லை. இரண்டு மணி நேரப் படத்தை இரண்டு மணி நேரம் பார்த்தார்.

காலியான நடை. வலது பக்கம் மணப்பெண் அறைக்கதவு. எதிரே வெள்ளைச் சுவர். மூலையில் ஓடும் கடிகார எண்கள். நிஷா வந்தாள், போனாள். மறுபடி காலி. அருள்முருகன் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தார்.

"சுவரைப் பாருய்யா" என்றார் அமிர்தவல்லி.

"சுவர்ல என்ன மேடம் இருக்கு?"

"மூச்சு விடுது பாரு."

பார்த்தார். ஆமாம். வெள்ளைச் சுவரில் இருந்த மங்கலான புள்ளிகள் நாலு எண்ணுவதற்குள் லேசாகக் குழைந்தன, சட்டென்று தெளிந்தன, மறுபடி குழைந்தன. யாராவது காட்டினால் ஒழியக் கண்ணில் படாத சலனம்.

"கேமராவில கோளாறா மேடம்?"

"கோளாறில்ல, புத்திசாலித்தனம். ஒரு வினாடிக்குப் பதினஞ்சு படம் எடுக்குது. அத்தனையும் முழுசா வச்சா டிஸ்க் அரை நாள்ல நிரம்பிடும். அதனால முதல்ல ஒரு முழுப் படம். அப்புறம் என்ன மாறிச்சோ அதை மட்டும் எழுதும். நீ வீட்டுக்குப் போனா உன் பொண்டாட்டி, தெருவும் இருக்கு, மாமியாரும் இருக்காங்கன்னு தினமும் சொல்லுதா? புதுசா நடந்ததைத்தானே சொல்லுது. அந்த மாதிரி. தப்பு சேர்ந்துடக் கூடாதுன்னு அப்பப்ப மறுபடி ஒரு முழுப் படம் எடுத்துக்கும். அப்ப சுவர் பளிச்சுன்னு தெளியும். இப்படிச் சுருக்கி வச்சுத் திருப்பி விரிக்கிற கணக்குக்குத்தான் கோடெக்னு பேரு. எவ்வளவு அழகா யோசிச்சிருக்கான் பாரு, எவனோ ஒருத்தன்."

அதைச் சொல்லும்போது அந்த முன்கோபக்கார முகத்தில் வந்த சந்தோஷத்தை அருள்முருகன் அன்றுதான் முதலில் பார்த்தார். பிறகு அமிர்தவல்லி படத்தை எட்டு மணிச் சொச்சத்திலிருந்து ஓடவிட்டார். வலது கை விரலால் மேஜையைத் தட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் இடது கையும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றாக விழவில்லை.

அதற்குப் பிறகுதான் இயர்போனைக் காதில் வைத்தார். மெல்லிசைப் பாட்டு டெலிபோனில் கேட்கிற மாதிரி மெலிந்து வந்தது. பாட்டுக்கு நடுவே இரண்டு வரிப் பேச்சு. யாரோ எதையோ கேட்டார்கள். யாரோ பதில் சொன்னார்கள். திரையில் நடை காலியாக இருந்தது.

"ஜீப்பை எடு. தட்டாஞ்சாவடி போவணும்."

*

தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறைக்கு மாடியில் வெற்றிவேலின் ஸ்டுடியோ. கீழே இரும்பு அறுபடும் சத்தம், மேலே ஏசி. அலமாரியில் மூன்று வாக்கி-டாக்கிகள் சார்ஜில் இருந்தன. பெரிய திரையில் ஏதோ ஒரு கல்யாணப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் வாயசைத்தார், பின்னணியில் காதல் பாட்டு கேட்டது.

"உட்காருங்க மேடம். டீ சொல்லட்டுமா?"

"வேணாம். வாக்கி-டாக்கி எதுக்கு?"

"எங்க டீம் மூணு பேர் மேடம். ஆளுக்கு ஒண்ணு இடுப்புல இருக்கும். பாட்டுச் சத்தத்துல ஃபோன் கேக்காது."

"மந்திரச் சத்தத்தை என்னா பண்ணீங்க?" அமிர்தவல்லி திரையைக் காட்டினார்.

வெற்றிவேல் சிரித்தார். "லைவ் சவுண்டை யார் மேடம் வச்சுக்கறா? கூச்சலும் இருமலும்தான் இருக்கும். படத்தை மட்டும் பார்ப்போம், கடைசில பாட்டைப் போட்டு மூடிடுவோம். எங்க தொழிலே அப்படித்தான்."

"நடைக் கேமரா ஃபைலை என்ன பண்ணீங்க?"

"ஃபோன்ல ஓடற மாதிரி மாத்தினேன். படத்துல கை வைக்கல."

"மாலையை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்காம? சாயங்காலம் நகையெல்லாம் கழட்டி வைக்கும்போது க்ளோசப் எடுத்தோம். அப்ப வீட்டம்மா கூடவே இருந்தாங்க."

"ரிசப்ஷன் நேரத்துல அந்த நடைப்பக்கம் போனீங்களா?"

"போகவே இல்ல மேடம். மேடைக்கு எதிர, வீடியோ மிக்சர் மேஜைகிட்டயே இருந்தேன்."

"அந்தக் கோடியில இருக்கற பாத்ரூமுக்குக் கூட?"

"இல்ல மேடம். அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கல."

"சரி. நாலு மணிக்கு மண்டபத்துக்கு உங்க டீமோட வாங்க. பெரிய டிவி ஒண்ணு வேணும், அதையும் எடுத்துட்டு வாங்க."

*

மாலை நான்கு மணி. காலியான மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பக்கம் சக்கரபாணி, ஹேமலதா, புதுப்பெண் சரிதா, சில உறவினர்கள். இன்னொரு பக்கம் நிஷா தனியாக. வெற்றிவேலும், அவருடைய இரண்டாவது கேமராவைக் கையாளும் தனக்கொடியும், இன்னொரு ஆளும் டிவியை மாட்டினார்கள். அமிர்தவல்லி ஒரு ஸ்பீக்கரைத் தானே கொண்டுவந்திருந்தார்.

"இந்தப் படத்தை நீங்க எல்லாரும் பார்த்திருக்கீங்க. யாராவது கேட்டிருக்கீங்களா?"

ஸ்பீக்கரை டிவியில் செருகினார்.

"சக்கரபாணி அய்யா தள்ளித் தள்ளிப் பார்த்தாரு. தள்ளினா சத்தம் வராது. எங்க ஸ்டேஷன்ல ஸ்பீக்கரே இல்ல. இப்பக் கேளுங்க."

திரையில் காலி நடை. கடிகாரத்தில் எட்டு பத்து. மெலிந்த பாட்டு. பாட்டுக்கு நடுவே கரகரவென்று ஒரு பெண் குரல்: *அண்ணா, மூணாவது பேட்டரி எங்க வச்சீங்க?* உடனே, மிக அருகில், ஒரு ஆண் குரல்: *பச்சைப் பையில பாரு.*

நடை காலியாகவே இருந்தது. பதில் சொன்னவர் எங்கும் இல்லை. சக்கரபாணி மெதுவாகத் திரும்பி வெற்றிவேலைப் பார்த்தார். பதினைந்து வருஷமாகக் கேட்ட குரல் அது.

"தனக்கொடி, பேட்டரி கேட்டது யாரு?" என்றார் அமிர்தவல்லி.

"நான்தான் மேடம். மேடையில இருந்தேன், பேட்டரி போயிடுச்சு. அண்ணா சொன்னாரு. பச்சைப் பையிலதான் இருந்துச்சு." சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குக் கடைசி வார்த்தையில்தான் புரிந்தது.

வெற்றிவேல் எழுந்தார். "மேடம், பாட்டு அந்தப் போடு போடும்போது வாக்கி சத்தம் எப்படி இவ்வளவு தெளிவா வரும்? வேற எங்கயோ பேசினது கலந்திருக்கும்."

"நல்ல கேள்வி. இந்தப் பெட்டி சத்தத்தையும் சுருக்கித்தான் வைக்கும். டெலிபோனுக்காக எழுதின கணக்கு. மனுஷன் பேச்சு இருக்கிற நடுப்பகுதியை வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் வெட்டிடும். ட்ரம்முல வர்ற அடிச்சத்தம் போயிடுச்சு, ஜால்ரா போயிடுச்சு. பேச்சு மட்டும் அப்படியே நிக்குது. பாட்டுக்காரங்க சத்தத்துல நீங்க ஒளிஞ்சுக்கிட்டதா நினைச்சீங்க. பெட்டி அந்தச் சத்தத்தைத்தான் முதல்ல தூக்கிப் போட்டுச்சு."

"சரி மேடம், கேமராவுக்கு அந்தாண்ட நடந்து போயிருப்பேன். ஞாபகமில்ல. அதுக்காக ரூமுக்குள்ள போனேன்னு ஆயிடுமா? படத்துல நான் இல்லையே."

"அதுக்குத்தான் டிவி." அமிர்தவல்லி சத்தத்தை நிறுத்தினார். "அருள், நீ மூலையில கடிகாரத்தை மட்டும் பாரு. எண்ணுக்குப் பின்னால துண்டுச் சுவர் தெரியுதில்ல? அது தெளியும்போதெல்லாம் நாற்காலியைத் தட்டு. நான் நடுச் சுவரைப் பார்த்துத் தட்டறேன்."

இருவரும் தட்டினார்கள். டக். டக். இரண்டு தட்டும் ஒன்றாகவே விழுந்தன. ஒரே கேமரா, ஒரே படம், ஒரே நாடி. எட்டு எட்டு, எட்டு ஒன்பது. சரிதா தன்னையறியாமல் தலையசைத்து எண்ணத் தொடங்கியிருந்தாள்.

எட்டு ஒன்பது தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தட்டு பிளந்தது. டக்-டக். டக்-டக். அருள்முருகன் ஒரு பக்கம், அமிர்தவல்லி ஒரு பக்கம். எட்டு பதிமூன்று வரைக்கும் அப்படியே போய், சட்டென்று மறுபடி ஒன்று சேர்ந்தது.

"கடிகார மூலை உண்மையான எட்டு பத்து. மத்த நடை முழுக்க வேற நேரத்துல எடுத்த காலி நடை. அதை மேல ஒட்டி, கடிகாரத்தை மட்டும் வெளியே விட்டுட்டாரு. ஒட்டின ஓரம் எங்கயாவது தெரியுதா பாருங்க. தெரியாது. பிரமாதமான வேலை. ஆனா முழுப் படம் எடுக்கிற சுற்று ஒண்ணு இருக்கு. அந்தச் சுற்றோட சேர்த்து ஒட்டணும்னு இவருக்குத் தெரியல. ஒரே சுவருக்கு ரெண்டு நாடி எப்படி அடிக்கும்?"

அவர் வெற்றிவேலுக்கு நேரே வந்து நின்றார்.

"மாலை எந்த ட்ராயர்னு க்ளோசப் எடுக்கும்போது பார்த்தீங்க. எட்டு பத்துக்கு எடுத்தீங்க. பதில் சொல்லலைன்னா தனக்கொடி உங்களைத் தேடி வந்துடும், அதனால பதில் சொன்னீங்க. ராத்திரி முழுக்க உட்கார்ந்து படத்துல இருந்து உங்களை அழிச்சீங்க. சத்தத்தை அழிக்கல. மறந்துட்டீங்கன்னு கூடச் சொல்ல மாட்டேன். இத்தினி வருஷமா ஒவ்வொரு கல்யாணத்துலயும் பாட்டைப் போட்டு மூடி மூடி, படத்துக்குச் சத்தம்னு ஒண்ணு இருக்கிறதே உங்களுக்குத் தோணல."

வெற்றிவேல் உட்கார்ந்துவிட்டார். யாரையும் பார்க்காமல், "லென்ஸ் பெட்டியில இருக்கு" என்றார். புது கேமரா ஒன்றின் பெயரையும் விலையையும் சொல்லி ஏதோ ஆரம்பித்தார். அருள்முருகன் கேட்கும் நிலையில் இல்லை. காலையில் பாதி எழுதிய வழக்கில் யார் பெயரை எழுதினோம் என்ற நினைப்பில் அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

*

ஜீப் போன பிறகும் நிஷா எழுந்திருக்கவில்லை. சக்கரபாணி கைகூப்பிக்கொண்டு வந்தார். "தப்பு நடந்துபோச்சும்மா. எங்க க்ரூப்புல நானே எழுதிப் போட்டுடறேன். அந்த நிக்காஹ் வீட்டுக்கும் நானே நேர்ல போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்க" என்றாள் நிஷா.

சரிதா வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அக்கா, இன்னிக்கி மாப்பிள்ளை வீட்டுல விருந்து. ஆறு மணிக்குக் கெளம்பணும். எனக்கு மேக்கப் போட்டுவிடறீங்களா? இங்கயே, அந்த ரூம்லயே."

நிஷா ஹேமலதாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "அன்னிக்கி அத்தினி பேரு முன்னாடி பர்தாவை உதறச் சொன்னீங்க. அதை என்னால மறக்க முடியாதுங்க. இந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபமில்ல. இதுக்குப் போட்டுவிடறேன்."

வீட்டிலிருந்து விருந்துக்கென்று கட்டிக்கொண்டு வந்த நகைப்பை ஹேமலதாவின் மடியில் இருந்தது. வளையல், ஆரம், நெற்றிச்சுட்டி எல்லாம் அதில்தான். நிஷாவும் சரிதாவும் நடைக்குப் போனபோது அவளும் எழுந்து பின்னாலேயே போனாள். அறை வாசலில் நின்றாள். நகைப்பையை நிஷாவின் கையில் கொடுத்தாள். தான் உள்ளே போகாமல், வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள்.